ஸ்காட்லாந்திலிருந்து ஆர்க்டிக்குக்குச் சின்னக் கப்பலில்: ஓய்வுப் பணத்தை இதில் போடலாமா?

ஆயர்ஈத்தாம் டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். இங்கே நான் படிப்பதுதான் அதிகம், எழுதுவது இது மூன்றாவது தடவையோ என்னவோ. தமிழ்ப்பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்துப் போன வருடம் ஓய்வு பெற்றேன். வீட்டுக்காரர் துறைமுகத்தில் இருந்தவர், வயது 64.

போன மாதம் கோலாலம்பூரில் ஒரு பயணக் கண்காட்சிக்குப் போனபோது ஒரு கையேடு கிடைத்தது. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஏறி ஓர்க்னி, ஷெட்லாந்து, ஃபேர் ஐல், யான் மாயன் தீவுகள் என்று வடக்கே போய்க்கொண்டே இருந்து, கடைசியில் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் லாங்யியர்பியன் என்ற ஊரில் இறங்க வேண்டும். 13 இரவு. கப்பலில் நூற்றுச் சொச்சம் பயணிகள்தான். விமான டிக்கெட் எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு எண்பத்தைந்தாயிரம் மலேசிய வெள்ளி போல வருகிறது. எழுதும்போதே கை கூசுகிறது. அவருடைய சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்தால்தான் முடியும்.

மகன் கேட்கிறான்: "அம்மா, அங்கே ஐஸ்தானே இருக்கு? ஐஸ் கச்சாங்கிலேயே பார்த்துக்கலாமே." மருமகள் வாய் திறக்கவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

என் கேள்விகள்: எனக்கு வலது முட்டி சரியில்லை, சமாளிக்க முடியுமா? அவர் சுத்த சைவம், சாப்பாடு கிடைக்குமா? அப்புறம், கையேட்டின் எல்லாப் பக்கத்திலும் அடியில் "வானிலையைப் பொறுத்து" என்று பொடி எழுத்தில் இருக்கிறதே, அதற்கு உண்மையில் என்ன அர்த்தம்?

செந்தூல் பையன்

டீச்சர், தப்பா நினைக்காதீங்க. எண்பத்தைந்தாயிரத்தில் காசி, ராமேஸ்வரம், கைலாசம் எல்லாம் போய் வந்து மிச்சக் காசில் வீட்டுக்கு வர்ணமும் அடிக்கலாம். கப்பல்தான் ஆசை என்றால் சிங்கப்பூரிலிருந்து நாலு நாள் பெரிய கப்பல் இருக்கு. நீச்சல் குளம், கச்சேரி, மூன்று வேளை பஃபே. நானே அம்மாவைக் கூட்டிப் போனேன்.

பாகான் டாலாம் அண்ணன்

தம்பி, அந்தப் பெரிய கப்பலில் கடலைப் பார்த்தியா? நான் இருபத்தாறு வருடம் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவன். அந்த மிதக்கும் பேரங்காடியையும் டீச்சர் சொல்வதையும் ஒரே தட்டில் வைக்காதே. பெரிய கப்பலுக்கு ஆழமான துறைமுகமும் நீளமான மேடையும் வேண்டும். சின்னக் கப்பல் எங்கேயாவது நங்கூரம் போட்டுவிட்டு, ரப்பர் படகில் பத்துப் பத்துப் பேராகக் கரையில் கொண்டு விடும். இறங்குதுறையே இல்லாத தீவில் கால் வைக்க அது ஒன்றுதான் வழி.

பிரிக்ஃபீல்ட்ஸ் பறவை

டீச்சர், நான் 2023 ஜூனில் ஏறக்குறைய இதே வழியில் போனேன். தனியாக. பறவை பார்க்கிற பைத்தியம் எனக்கு, அதனால் காசைப் பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"வானிலையைப் பொறுத்து" என்ற வரியிலிருந்தே தொடங்குகிறேன். கையேட்டிலேயே உண்மையான வரி அது ஒன்றுதான். நான் பணம் கட்டிய பயண முகவர் (பேர் வேண்டாம்) யான் மாயனில் இறங்குவது உறுதி, பனிக்கரடி உறுதி என்று அடித்துச் சொன்னார். இரண்டையும் உறுதி சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது என்று கப்பலில் ஏறிய முதல் மாலையே பயணத் தலைவர் சொல்லிவிட்டார். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்கு முன்னால் கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்து, மறுநாள் என்ன செய்ய நினைக்கிறோம் என்று வரைபடம் போட்டுக் காட்டுவார்கள். நினைக்கிறோம், அவ்வளவுதான். காற்று திரும்பினால் காலையில் வேறு தீவின் பக்கம் விழித்துக்கொள்வோம்.

முதல் நிறுத்தம் ஓர்க்னி. அங்கே ஸ்காரா பிரே என்று ஒரு கற்காலக் கிராமம். ஐயாயிரம் வருடப் பழசு, எகிப்துப் பிரமிடுகளுக்கு முந்தியது. 1850இல் ஒரு பெரும் புயல் மணல்மேட்டைப் பிய்த்துப் போட்டபோதுதான் வெளியே தெரிந்தது. மரம் அரிதான தீவு, அதனால் கட்டில், அலமாரி எல்லாம் கல்லிலேயே செய்திருக்கிறார்கள். நம் வீடுகளில் வாசலுக்கு நேரே கண்ணாடி அலமாரி வைத்துப் பீங்கான் சாமான் அடுக்குவோமே, அதே இடத்தில் அங்கே கல் அலமாரி. வருகிறவர்களுக்குக் காட்டிக்கொள்ளும் குணம் ஐயாயிரம் வருடமாக இருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ஷெட்லாந்தில் மூசா என்ற குட்டித் தீவில் இரண்டாயிரம் வருடத்துக் கல் கோபுரம். அதன் சுவர் இடுக்குகளில் சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிய கடற்பறவைகள் கூடு வைத்திருக்கும், ராத்திரியில்தான் கரைக்கு வரும். ஆனால் ஜூனில் அங்கே ராத்திரி முழுசாக இருட்டுவதே இல்லை. நள்ளிரவில் நம்மூர் அந்தி வெளிச்சம்.

அப்புறம் ஃபேர் ஐல். ஐம்பது அறுபது பேர் வாழும் தீவு. பஃபின் பறவை மூன்றடி தூரத்தில் வந்து நின்று என் சப்பாத்தை ஆராய்ச்சி செய்தது. ஊர்க் கூடத்தில் தேநீரும் கேக்கும் கொடுத்து, தாங்கள் பின்னிய ஸ்வெட்டர்களைக் காட்டினார்கள். 2019இல் எரிந்துபோன பறவை ஆய்வகத்தைத் திரும்பக் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த ஊரே என் அடுக்குமாடியின் ஒரு தளத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். என் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது.

மிச்சம் நாளைக்கு எழுதுகிறேன். ஜன்னலில் மைனா கத்துகிறது, வேலைக்குக் கிளம்பணும்.

கடாரம் காவலன்

கல் அலமாரி பெரிய விஷயமா? 1025இல் இராஜேந்திர சோழன் நம் பக்கத்துக் கெடா (அன்றைய கடாரம்) வரைக்கும் கப்பல் படையோடு வந்தான். அங்கே பழைய சின்னங்கள் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்க்க எத்தனை பேர் போகிறீர்கள்? முதலில் அதைப் பார்த்துவிட்டு...

மட்டுறுத்துநர்

கடாரத்துக்கு ஏற்கெனவே நான்கு இழைகள் இருக்கின்றன, காவலன் ஐயா. நான்கும் உங்களுடையவை. அங்கே தொடருங்கள்.

ஆயர்ஈத்தாம் டீச்சர்

பிரிக்ஃபீல்ட்ஸ் தங்கச்சி, ரொம்ப நன்றி. அவருக்கு வாசித்துக் காட்டினேன். "யான் மாயனில் இறங்கினாங்களா இல்லையா, அதைக் கேளு" என்கிறார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பறவை

இறங்கவில்லை டீச்சர்.

ஷெட்லாந்திலிருந்து யான் மாயனுக்கு ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். கப்பல் மணிக்கு 24 கிலோமீட்டர் போனாலே பெரிசு. பினாங்குப் பாலத்தில் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள் கூட நம்மை முந்திவிடும். இரண்டு நாள் சுற்றிலும் தண்ணீர்தான். அந்த இரண்டு நாளும் கூடத்தில் பாடம் நடந்தது: திமிங்கிலம், பனியாறு, நிலவியல். பாதிப் பேர் அறையைவிட்டு வெளியே வரவில்லை. நான் இரண்டாம் நாள் மதியம்தான் எழுந்து கஞ்சி மாதிரி எதையோ குடித்தேன்.

மூன்றாம் நாள் காலை தீவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரே மூடுபனி. கரையில் அலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு படகில் வழிகாட்டிகள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, ஆட்களை இறக்க முடியாது என்றார்கள். அங்கே ஊர் கிடையாது, நார்வேயின் வானிலை நிலையத்திலும் ராணுவத் தளத்திலும் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள், அவ்வளவுதான். இறங்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். எங்களுக்கு அனுமதி இருந்தது, கடல்தான் சம்மதிக்கவில்லை.

ஒரு ஜெர்மானியர் பயணத் தலைவரிடம் சத்தம் போட்டார். நானும் உள்ளுக்குள் அந்த முகவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்போது யாரோ மேலே கை காட்டினார்கள். மேகம் இருந்த உயரத்துக்கும் மேலே, நான் வானம் என்று நினைத்திருந்த இடத்தில், வெள்ளையாக ஒரு மலை முகடு. பீரன்பர்க் எரிமலை, 2,277 மீட்டர், கடலிலிருந்து நேரே எழும்புகிறது. உலகத்தின் வடகோடியில் கடல்மட்டத்துக்கு மேலே உள்ள உயிருள்ள எரிமலை அதுதான், கடைசியாக 1985இல் வெடித்தது. பத்து நிமிடம் தெரிந்தது, அப்புறம் மூடிக்கொண்டது. அந்தப் பத்து நிமிடத்தில் யாரும் பேசவில்லை, அந்த ஜெர்மானியரும்.

பாகான் டாலாம் அண்ணன்

மலையை விடுங்க, பாதிப் பேர் படுத்துக் கிடந்த அந்தத் தலைசுற்றலைப் பற்றி டீச்சருக்குச் சொல்றேன். பனிக்கடலுக்கான கப்பல்களில் சிலவற்றுக்கு அடிப்பாகம் உருண்டையாக இருக்கும். பனியை மிதித்து ஏறுவதற்கு அது நல்லது, திறந்த கடலில் அதே உருண்டை ஊஞ்சல் ஆட்டும். அதனால் அறை எடுக்கும்போது மேல் தளத்தில் பால்கனி என்று ஆசைப்படாதீங்க. கீழ்த்தளம், கப்பலின் நடுப்பகுதி. அங்கேதான் ஆட்டம் குறைவு, விலையும் குறைவு. மேல் தள அறைக்குக் கூடக் காசு கொடுத்துக் கூட வாந்தி எடுப்பது என்ன கணக்கு?

மாத்திரையை ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே போடணும். வாந்தி வந்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். நீங்கள் பிரஷர் மருந்து ஏதும் எடுத்தால் அதோடு ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இஞ்சி மிட்டாய், கோடாலித் தைலம் கையில் இருக்கட்டும். தொடுவானத்தைப் பாருங்கள், கைப்பேசியைப் பார்க்காதீர்கள்.

கப்பித்தான் பக்கம்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஒரு சந்தேகம், பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா. ஸ்வால்பார்டில் ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 20 தாண்டும் வரை சூரியன் மறைவதில்லை என்று படித்தேன். அப்புறம் எங்களுக்கு மஃரிப் (சூரியன் மறைந்ததும் தொழுவது) எப்போது? சுபுஹ் (விடியல் தொழுகை) எப்போது? என் மனைவிக்கும் போக ஆசை, இதைக் கேட்டால் எங்கள் சபையில் சிரிக்கிறார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பறவை

தம்பி, எங்கள் கப்பலில் லெஸ்டரிலிருந்து வந்த ஒரு குஜராத்தி முஸ்லிம் தம்பதி இருந்தார்கள். அவர்கள் மக்கா நேரப்படி தொழுதார்கள். பகலும் இரவும் ஒழுங்காக இருக்கும் பக்கத்து ஊரின் நேரத்தை எடுத்துக்கொள்வதும் உண்டு என்றார்கள். எது சரி என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை, உங்கள் உஸ்தாதிடம் கேளுங்கள். அவர்களுக்குப் பெரிய தொல்லை திசைதான். கப்பல் நங்கூரத்தில் நிற்கும்போதும் மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்கும். தொழ ஆரம்பித்தபோது ஒரு பக்கம், முடிக்கும்போது வேறு பக்கம்.

கப்பித்தான் பக்கம்

ஹாஹா, கப்பல் திரும்பினால் மார்க்கத்தில் சலுகை உண்டு அக்கா. வரைபடத்தில் பார்த்தேன், பினாங்கில் நாங்கள் மேற்குப் பக்கம் நிற்கிறோம். ஸ்வால்பார்டில் கிப்லா (தொழும் திசை) ஏறக்குறைய தெற்கு, கொஞ்சம் கிழக்கே சாய்ந்து. உலகம் உருண்டை என்பது இப்போதுதான் உடம்புக்குத் தெரிகிறது.

கிள்ளான்காரி

எனக்கும் ஒரு கேள்வி. என் கணவர் இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர். ஸ்வால்பார்டுக்கு விசாவே வேண்டாம் என்கிறார்களே, உண்மையா?

பிரிக்ஃபீல்ட்ஸ் பறவை

பாதி உண்மை. 1920இல் பாரிசில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். தீவுக்கூட்டம் நார்வேக்குச் சொந்தம், ஆனால் கையெழுத்திட்ட நாடுகளின் மக்களுக்கு அங்கே சம உரிமை. அதன் தொடர்ச்சியாக இன்றும் ஸ்வால்பார்டுக்கென்று விசா கிடையாது, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகும் ஷெங்கன் எல்லைக்கும் அது வெளியே. ஆனால் லாங்யியர்பியனிலிருந்து வெளியே வருகிற விமானம் நார்வேயின் ஓஸ்லோவுக்கோ துரோம்சோவுக்கோதான் போகும். அங்கே இறங்கினால் ஷெங்கன்.

நம் மலேசியக் கடப்பிதழுக்கு 90 நாள் வரை ஷெங்கன் விசா வேண்டாம். பிரிட்டனுக்கும் விசா வேண்டாம், ஆனால் 2025 ஜனவரியிலிருந்து கிளம்பும் முன்பே இணையத்தில் மின் அனுமதி வாங்கணும். உங்கள் கணவருக்கு பிரிட்டன் விசா, ஷெங்கன் விசா இரண்டும் தேவை. கவனம்: ஓஸ்லோ வழியாக ஸ்வால்பார்டுக்குப் போய் அதே வழியில் திரும்பினால் அது ஷெங்கனுக்குள் இரண்டு நுழைவு. ஒற்றை நுழைவு விசாவோடு போய்த் திரும்பி வரும்போது மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அபர்டீனில் ஏறி ஸ்வால்பார்டில் இறங்குகிறவருக்குக் கணக்குப்படி ஒரு நுழைவுதான் வரும். ஆனாலும் பல நுழைவுக்கே விண்ணப்பியுங்கள். மோசமான வானிலையில் கப்பல் எந்தத் துறைமுகத்துக்குத் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? பரோ தீவுகள் வழியாகப் போகிற கப்பல் என்றால் இன்னொரு சிக்கல், அந்தத் தீவுகளும் ஷெங்கனில் இல்லை, விசாவில் அதைத் தனியாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

கிள்ளான்காரி

தலை சுற்றுது. கடல் வேற எதுக்கு.

பிரிக்ஃபீல்ட்ஸ் பறவை

சரி, ஸ்வால்பார்டுக்கு வருகிறேன். பனிக்கரடி பற்றி எல்லாரும் தனிச்செய்தியில் கேட்டுவிட்டீர்கள்.

பார்த்தேன். ஒன்றே ஒன்று. பனிப்பரப்பில் நெய் நிறத்தில் ஒரு புள்ளி. வெள்ளைப் பனிக்குப் பக்கத்தில் கரடி வெள்ளையாக இருக்காது, கொஞ்சம் மஞ்சளடித்துத்தான் தெரியும். தொலைநோக்கியில் அது நடந்தது, உட்கார்ந்தது, ஒரு சீலின் (கடல்நாய்) மூச்சுத் துளைக்குப் பக்கத்தில் காத்திருந்தது. ஒன்றும் மாட்டவில்லை. முக்கால் மணி நேரம் அதன் பசியை நாங்கள் வேடிக்கை பார்த்தோம் என்றுதான் சொல்லணும்.

நான் போன பிறகு விதிகள் இறுகிவிட்டன. 2025 ஜனவரி 1 முதல், மார்ச்சிலிருந்து ஜூன் கடைசி வரை கரடிக்கு 500 மீட்டருக்குள் போகக் கூடாது. மற்ற மாதங்களில் 300 மீட்டர். பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் உள்ள கப்பல் நுழைய முடியாது, அதிலும் குறித்த 43 இடங்களில்தான் கரையிறங்கலாம். அதனால் டீச்சர், கையேட்டின் அட்டையில் கரடி முகம் முழுப் பக்கத்துக்கு இருந்தால் அது பழைய படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தொலைநோக்கி ஒன்று வாங்குங்கள், புகைப்படக் கருவிக்குக் கொட்டும் காசில் பாதி போதும்.

நி-ஓலசுண்ட் என்ற ஆய்வு ஊரில் இறங்கினோம். வட அட்சரேகை 79 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே. அங்கே கைப்பேசியின் வைஃபை, புளூடூத் எல்லாம் அணைத்துவிடணும், வான்வெளியிலிருந்து வரும் மெல்லிய அலைகளை அளக்கும் ஆண்டெனாக்கள் இருக்கின்றன. துருவப் பயணி அமுண்ட்சென் 1926இல் வட துருவத்துக்கு ஆகாயக் கப்பலில் போகும்போது அதைக் கட்டி வைத்த இரும்புக் கம்பம் இன்னும் நிற்கிறது. சீன ஆய்வு நிலையத்தின் வாசலில் அப்போது இரண்டு கல் சிங்கங்கள் நின்றன, ஏதோ ஜார்ஜ் டவுனில் சீனர் கொங்சி (குலச் சங்கம்) வாசலுக்கு வந்துவிட்ட மாதிரி. இந்தியாவின் ஹிமாத்ரி நிலையமும் அங்கேதான், 2008இல் திறந்தது. வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டேன். உள்ளே யாராவது தமிழ் பேசுவார்களா என்று கதவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். யாரும் வரவில்லை.

ஆனால் எனக்கு அந்தப் பயணமே ஒரு நாளில்தான் இருக்கிறது. திட்டத்தில் இல்லாத நாள். போக நினைத்த விரிகுடா பனியால் அடைபட்டிருந்தது. தலைவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சும்மா இருப்பதற்குப் படகு சவாரி போவோம் என்றார். பனித்துண்டுகளுக்கு நடுவே படகு இன்ஜினை அணைத்தார்கள். பனியாற்றிலிருந்து உடைந்த பனிக்குள் பழங்காலத்துக் காற்று குமிழாக அடைபட்டிருக்கும், கரையும்போது பட் பட் என்று வெடிக்கும். சமையலறையில் அம்மா கடுகு தாளிப்பது கூடத்தில் கேட்குமே, அந்தச் சத்தம். கடல் முழுக்க.

அப்புறம் வழிகாட்டிப் பெண் நீருக்கடியில் கேட்கும் ஒலிவாங்கி ஒன்றைக் கயிற்றில் இறக்கினாள். தாடி சீல் என்று ஒரு வகை. ஆண் சீல்கள் இனப்பெருக்கக் காலத்தில் தண்ணீருக்குள் பாடும். மேல் சுருதியில் ஆரம்பித்து, நெளிந்து நெளிந்து, ஒரு நிமிடத்துக்கும் மேலாகக் கீழே இறங்கி வரும். நாதஸ்வரக்காரர் ஒரே மூச்சில் மேலிருந்து இழைத்துக்கொண்டு வருவாரே, அதைக் கொஞ்சம் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. முகவர் கொடுத்த பட்டியலில் இது இல்லை.

பல்கலை வளாகம்

எல்லாரும் பரவசத்தில் இருக்கிறீர்கள், நான்தான் கசப்பு மருந்து கொடுக்கிறேன் போல. ஸ்வால்பார்டு உலக சராசரியைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடாகிறது. இங்கிருந்து பத்தாயிரம் கிலோமீட்டர் பறந்து, டீசல் கப்பலில் ஏறி, கரைகிற பனியைப் பார்த்து அழுவதில் ஒரு முரண் இல்லையா? 2018 ஜூலையில் ஒரு சுற்றுலாக் கப்பலின் காவலரைக் கரடி தாக்கியது. மனிதர் காயத்தோடு தப்பினார், கரடியைச் சுட்டுக் கொன்றார்கள். நாம் போகாமல் இருந்திருந்தால் அது உயிரோடு இருந்திருக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பறவை

தம்பி சொல்வது சரிதான். "அங்கே போனவர்கள் தூதர்களாகத் திரும்புகிறார்கள்" என்று கப்பலில் ஒரு பேச்சு உண்டு, நான் அதை நம்புவதில்லை. நான் திரும்பி வந்து யாருக்கும் தூது சொல்லவில்லை, படம்தான் காட்டினேன். இரண்டு விஷயம் மட்டும்: அந்தக் கடற்பகுதியில் கனரக எண்ணெய் எரிக்க 2022 முதல் தடை. கரையில் இறங்கும் முன் சப்பாத்தைக் கழுவி, காற்சட்டையின் ஒட்டுப்பட்டையில் சிக்கிய விதையைக் குண்டூசியால் எடுக்க வைப்பார்கள். இதெல்லாம் விமானப் புகைக்குப் பரிகாரம் ஆகாது, தெரியும். போனேன், அந்தக் கணக்கு என் பேரில் இருக்கிறது.

செந்தூல் பையன்

பல்கலை தம்பி, நீ போன மாதம் பாலிக்குப் போனது இன்னொரு இழையில் இருக்கு.

பல்கலை வளாகம்

அது மாநாடு.

மட்டுறுத்துநர்

போதும் இருவரும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பறவை

முட்டியும் சைவமும் விட்டுப்போயிற்று. சாப்பாடு பிரச்சினையே இல்லை, பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்தால் போதும். எங்கள் சமையல்காரர்களில் பாதிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள், ஒருவர் கோவாக்காரர். அவரிடம் சிரித்துப் பேசினேன், மூன்றாம் நாளிலிருந்து பருப்பும் சோறும் வந்தது. ஊறுகாய் மட்டும் எடுத்துப் போங்கள், உடையாத டப்பாவில்.

முட்டிதான் யோசிக்க வேண்டியது. கப்பலின் பக்கவாட்டில் படி இறங்கி, ஏறி இறங்கும் படகில் சரியான நொடியில் கால் வைக்கணும். மாலுமி உங்கள் முன்கையைப் பிடிப்பார், நீங்கள் அவர் முன்கையைப் பிடிக்கணும், விரலை அல்ல. கரையில் முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கணும். மெதுவாக நடப்பவர்களுக்குத் தனிக் குழு உண்டு, துப்பாக்கியோடு வழிகாட்டி கூடவே வருவார். எண்பது வயது அம்மா ஒருவர் எங்களோடு எல்லா இடமும் இறங்கினார். காப்புறுதியில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள். லாங்யியர்பியன் மருத்துவமனை சின்னது, பெரிய கோளாறு என்றால் துரோம்சோவுக்குத்தான் விமானத்தில் ஏற்றுவார்கள். அவசர வெளியேற்றம் சேர்ந்த காப்புறுதி கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று, இரண்டு நாள் முன்பே அபர்டீன் போய்விடுங்கள். என் பெட்டி என்னோடு வரவில்லை. கப்பல் கிளம்ப மூன்று மணி நேரம் இருக்கும்போதுதான் கிடைத்தது. கம்பளி உள்ளாடை ஒரு செட் கைப்பையில் இருக்கட்டும்.

பாகான் டாலாம் அண்ணன்

டீச்சர், நீங்க ஏன் இதுக்கு ஆசைப்படுறீங்க என்று இதுவரை சொல்லவே இல்லையே.

ஆயர்ஈத்தாம் டீச்சர்

அண்ணே, சொன்னால் சிரிக்கக் கூடாது. என் தாத்தா நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி வந்தவர். டெக் டிக்கெட். சாமானையும் பாயையும் விரித்த இடம்தான் இடம். எங்கள் வீட்டில் கப்பல் என்றால் ஒரே கப்பல்தான், அதன் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். என் வீட்டுக்காரர் நாற்பது வருடம் மற்றவர்களின் கப்பலுக்குக் கயிறு கட்டினார். நாங்கள் இரண்டு பேரும் பட்டர்வொர்த் பெர்ரியைத் தவிர எந்தக் கப்பலிலும் ஏறியதில்லை. அதான்.

பாகான் டாலாம் அண்ணன்

யார் சிரிப்பா? ராஜுலாவை எங்கே கட்டினாங்க தெரியுமா டீச்சர்? கிளாஸ்கோவில், 1926இல். நீங்க ஏறப்போற அபர்டீன் அதே ஸ்காட்லாந்தின் இந்தப் பக்கம், ரயிலில் மூணு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். உங்க தாத்தாவைக் கொண்டுவந்த கப்பல் பிறந்த ஊரைப் பார்த்துவிட்டே கப்பல் ஏறுங்க. இரண்டு நாள் முன்னாடி போகணும்னு அந்தத் தங்கச்சியும் சொல்லுது.

செந்தூல் பையன்

சரி, வீட்டுக்கு வர்ணம் அடுத்த வருடம் அடிக்கலாம் டீச்சர்.

ஆயர்ஈத்தாம் டீச்சர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். அண்ணன் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்ச் சேமநிதிக் கணக்குப் புத்தகத்தை எடுத்து வந்தார். கீழ்த்தளம், நடுப்பகுதி, வட்டச் சன்னல். அடுத்த ஜூன். முன்பணம் கட்டிவிட்டோம்.

யான் மாயனில் இறங்க முடியாமல் போனால் வருத்தப்படுவீர்களா என்று கேட்டேன். "உன் தாத்தா பினாங்கைக் கண்ணால பாத்துக்கிட்டே ஜெரஜாக் தீவுல எத்தனை நாள் கெடந்தாரு?" என்றார். தனிமைப்படுத்தி வைத்திருந்தார்களாம், அம்மை இல்லை என்று தெரியும்வரை. அந்தக் கதை அவருக்கு இவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

முட்டிக்காக இன்று காலை இருவரும் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறினோம். ஐந்நூறுக்கு மேல் இருக்கிறது. பாதியில் இரண்டு தடவை உட்கார்ந்தேன், ஆனால் மேலே போய்விட்டேன். இறங்கும்போதுதான் வலித்தது. மருமகள் கூடவே வந்து என் பையைத் தூக்கிக்கொண்டாள்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. ரப்பர் பூட்ஸ் கப்பலிலேயே தருவார்களாம், சைஸ் கேட்டு எழுதியிருக்கிறார்கள். என் கால் பிரிட்டிஷ் அளவில் 4. அது கிடைக்குமா?

பிரிக்ஃபீல்ட்ஸ் பறவை

கிடைக்கும் டீச்சர். ஆனால் 5 என்று எழுதுங்கள், உள்ளே இரண்டு காலுறை போடணும்.